ஸ்தானே ஏறிய மலை

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. ஒரு சுற்றுலாப் பத்திரிகை என்னிடம் கட்டுரை கேட்டது: 'திரிக்லவ் தேசியப் பூங்காவுக்குப் போகத் திட்டமிடுவது எப்படி?' ஸ்லோவேனியாவின் தலைநகர் லியுப்லியானாவில் குடியிருக்கும் எழுத்தாளன் வேறு எதற்குத்தான் பயன்படுவான்? சரி என்றேன். இப்படித் தொடங்கினேன்:

'ஆல்ப்ஸ் மலையின் மடியில் உங்களை வரவேற்கக் காத்திருக்கிறது…'

மடியாம், வரவேற்பாம். மலை யாரையும் வரவேற்றதில்லை. அது பாட்டுக்கு நிற்கிறது. நாம்தான் பளபளக்கும் சட்டை போட்டுக்கொண்டு போய் அதன் முன்னால் பல்லைக் காட்டுகிறோம். அடித்துவிட்டு மறுபடியும்:

'முதலில் பருவத்தைத் தேர்ந்தெடுங்கள். ஜூன் வரை உச்சியில் பனி…'

இந்த இடத்தில் என் பக்கத்து வீட்டு ஸ்தானே மண்டைக்குள் புகுந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கட்டுரை படுத்துவிட்டது. [பத்திரிகைக்காரர்களே, மன்னிக்கவும். வேண்டாம், மன்னிக்கவும் வேண்டாம்.]

2

ஸ்தானே ஓய்வுபெற்ற புவியியல் வாத்தியார். வானம் தெளிந்திருக்கும் காலைகளில் பால்கனியில் நின்று, வீடுகளுக்கு அப்பால் தெரியும் திரிக்லவ் மலையுச்சியைக் காட்டி, "அந்த உச்சியில நின்னிருக்கேன் நான்" என்பார். யாரிடம் என்று பார்ப்பதில்லை. தபால்காரரிடமும் சொல்லியிருக்கிறார்.

எங்கள் நாட்டில் ஒரு பிடிவாதம் உண்டு. ஆயுளில் ஒருமுறையாவது திரிக்லவ் ஏறாதவன் முழு ஸ்லோவேனியன் இல்லை. பிறந்தால் போதாது, வரி கட்டினாலும் போதாது. முதல்முறை உச்சியை எட்டுகிறவரைக் குனியவைத்து, முன்பே ஏறியவர்கள் கயிற்றால் பின்பக்கத்தில் நாலு போடுவார்கள். அடி வாங்கியவருக்கு அதன்பிறகு அடுத்தவரை அடிக்கும் தகுதி வந்துவிடும். நானும் ஏறியிருக்கிறேன், வாங்கியிருக்கிறேன். ஞானம் எதுவும் பிறக்கவில்லை. மேலே படம் எடுத்துக்கொள்ள வரிசை நின்றது.

ஸ்தானே ஏறியதில்லை.

[இதைக் கடைசிவரை ஒளித்துவைத்து உங்களைத் திடுக்கிட வைத்திருக்கலாம். அந்த வித்தை எனக்குச் சலித்துவிட்டது.]

இளம் வாத்தியாராக இருந்தபோது ஒரு ஆகஸ்டில் சக ஆசிரியர்களோடு கிளம்பினார். உச்சிக்குக் கீழே உள்ள மலைக்குடில்வரை ஏறிவிட்டார். அதற்கு மேல் செங்குத்துப் பாறை. பாறையில் அடித்த இரும்பு முளைகளையும் கம்பி வடத்தையும் பிடித்துக்கொண்டு போகவேண்டும். முளையைப் பார்த்ததும் பயந்து பின்வாங்கினார். வயிற்றுவலி என்று சொல்லிக் குடிலிலேயே உட்கார்ந்து பார்லிக் கஞ்சி குடித்தார். ஊர் திரும்பியதும், மாமனாராக வரப்போகிறவர் சாப்பாட்டு மேசையில் கேட்டார்: "ஏறிட்டியா?" இவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். அன்று ஆட்டிய தலை. பிறகு முப்பது வருடம் வகுப்பறையில், "திரிக்லவ் ஏறாதவன் பாதி மனுஷன்டா" என்று பிள்ளைகளை மிரட்டியே காலம் தள்ளினார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். நான்தானே எழுதுகிறேன்.

4

(மூன்றாம் பகுதியில் மலையின் அழகை வருணித்திருந்தேன். கிழித்துப் போட்டேன். உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறேன்.)

ஸ்தானேவின் ஒரே மகள் நேஷா, பொறியாளர். இலையுதிர் காலத்தில் நார்வேயில் வேலைக்குப் போகிறாள். திரும்பிவருவாளா என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியாது. ஸ்தானேவுக்குத் தெரியும்: வரமாட்டாள். தன்னைப் பற்றி ஊரெல்லாம் முழங்குகிற மனிதர், இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. போவதற்கு முன்னால் அவள் அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். இரண்டு நாள், பூங்காவுக்கு, இரண்டு பேரும் மட்டும்.

ஞாயிறு மதியம். சமையலறை மேசையில் வரைபடம் விரிந்து கிடந்தது. ஸ்தானேவின் மனைவி மில்கா அதன் ஓரத்திலேயே தட்டை வைத்து வால்நட் ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆகஸ்ட்ல போலாமாப்பா?"

"ஆகஸ்டா? கூட்டம் பிதுங்கும். செக் நாட்டுக்காரன், ஜெர்மன்காரன் எல்லாம் ரப்பர் செருப்போட வந்து நிப்பான்."

"அப்ப செப்டம்பர்?"

"புதுப் பனி விழுந்துடும்."

"சரி, ஜூலை?"

"ஜூலைல மத்தியானமானா இடி. இரும்புக் கம்பியப் பிடிச்சுட்டு நிக்கறப்ப இடி விழுந்தா? கருகிப் போயிடுவ."

"வருஷத்துல இன்னும் ஒம்பது மாசம் மிச்சம் இருக்கு ஸ்தானே. அதுக்கும் ஒண்ணொண்ணா யோசிச்சு வை" என்றாள் மில்கா.

நேஷா சிரிக்கவில்லை. வரைபடத்தில் வேறு இடத்தில் விரலை வைத்தாள். "உச்சி வேண்டாம்ப்பா. ஏரிப் பள்ளத்தாக்குக்குப் போவோம். குடில்ல ஒரு ராத்திரி தங்கிட்டு, பேசிக்கிட்டே நடந்துட்டு வரலாம்."

இதை எழுதியபோது நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். இப்படி ஒரு வழியை மகள் தானாகத் திறந்துவிடுகிறாள்! முளை இல்லை, கம்பி இல்லை, கயிறு இல்லை, பொய்க்கும் ஆபத்தில்லை. "சரிம்மா" என்று சொன்னால் போதும்.*

"ஏரியா?" என்றார் ஸ்தானே. "ஏரிக்கு வாத்து போகும். என் பொண்ணு திரிக்லவ் ஏறாம நாட்ட விட்டுப் போனான்னு நாலு பேர் பேசவா? போனா உச்சிதான். இல்லன்னா போகவே வேண்டாம்."

* மூன்று பிரதிகளில் அவரை "சரிம்மா" சொல்லவைத்துப் பார்த்தேன். மூன்றிலும் அது வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது. பாத்திரம் எழுத்தாளன் பேச்சைக் கேட்பதில்லை என்று பெருமை அடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. வீட்டுக் கழுதை சொன்னபடி கேட்கவில்லை என்பதில் என்ன பெருமையோ தெரியவில்லை.

மில்கா ரொட்டியை நகர்த்தி வைத்தாள். "உச்சியில ஒரு தகரக் கோபுரம் இருக்கே ஸ்தானே, அதுக்குக் கதவு எந்தப் பக்கம்?"

"கதவா? பனி மூடியிருந்துச்சு."

"ஆகஸ்ட் மாசத்துல."

"அந்த வருஷம் அப்படி."

"ஓகோ" என்று கத்தியைக் கழுவப் போனாள்.

மில்காவுக்குத் தெரியுமா? முதலில் தெரியாது என்றுதான் வைத்திருந்தேன். இப்போது மாற்றுகிறேன்: கல்யாணமான வாரத்திலிருந்தே தெரியும். அவசரப்பட்டு இதற்கு அன்பு என்று பெயர் வைக்காதீர்கள். ஒரு மனிதரை ஆயுள் முழுக்கப் பிடிக்குள் வைத்திருக்க இதைவிட வசதி வேறில்லை.

5

முடிவுகள் கைவசம் உள்ளன.

(அ) ஸ்தானே உண்மையை ஒப்புக்கொள்கிறார். 'கண்களில் நீர் மல்க, மகளின் கைகளைப் பற்றி…' போதும். இவர் அழுதாலும், உச்சியில் நின்று அழுததாகத்தான் பிற்பாடு கதை விடுவார்.

(ஆ) இருவரும் போகிறார்கள். இரும்பு முளையைக் கண்டதும் அப்பாவுக்கு மறுபடி வயிற்றுவலி. மகள் தனியாக ஏறி, முன்பின் தெரியாதவர்களிடம் கயிற்றடி வாங்குகிறாள். கச்சிதமாக இருக்கிறது, அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை. வாழ்க்கை இவ்வளவு மெனக்கெடாது.

(இ) ஏதோ ஒரு சாக்கு. திட்டம் தள்ளிப்போகிறது, மறுபடி தள்ளிப்போகிறது, நேஷா விமானம் ஏறுகிறாள். நடக்கப்போவது இதுதான். எழுத உட்கார்ந்தால் பேனாவை மூடிவைத்துவிடுகிறேன். இத்தனை நேரம் ஸ்தானேவைப் பழித்துவிட்டு, இதைச் சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது.

6

ஆகவே சமையலறையிலேயே நிற்கிறேன். மில்கா துணி எடுக்கப் பால்கனிக்குப் போயிருந்தாள். நேஷா வரைபடத்தை மடிக்கவில்லை.

"எனக்கு மலையே வேண்டாம்ப்பா. உன்கூட ரெண்டு நாள் வேணும். அவ்வளவுதான்."

ஸ்தானே வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டு நாள் பத்தாது. பழக்கமில்லாத காலுக்கு மூணு நாள் ஆகும்."

[இந்த வரியை எழுதியபோது எட்டி ஒரு அறை விடலாம் போலிருந்தது.]

நேஷா கோபப்படவில்லை. அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபம். கைபேசியை எடுத்து ஏரிக் குடிலுக்கு அழைத்தாள்.

"வணக்கம்ங்க. ஆகஸ்ட்ல ஒரு ராத்திரி தங்க இடம் கிடைக்குமா? … ஆமாங்க, ஏரிக்கு மட்டும்தான், மேல போகல … எத்தன பேரா?"

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ரெண்டு பேர்தானேப்பா?"

ஸ்தானேவின் வாய் திறந்திருக்கிறது. அதில் வார்த்தையை நான் வைக்கப்போவதில்லை. நான் வைத்தால் அவர் முழங்கால் வலி என்று முகத்தைச் சுளிப்பார். இந்த ஆளை எனக்குத் தெரியும். நீங்கள் என்னைவிட இரக்கம் உள்ளவர்களாக இருக்கக்கூடும். நீங்களே சொல்லிக்கொடுங்கள். கொஞ்சம் சீக்கிரம், குடில்காரர் வைத்துவிடப் போகிறார். அவள் இன்னும் போனைக் காதில் வைத்துக்கொண்டு அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.