மாமனாரின் முதுகு

கதாநாயகிகளுக்கு அப்பாவாக நடித்தே பாதி ஆயுளைக் கழித்தவருக்குப் படப்பிடிப்பில் மாமனார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஹீரோ இவரைவிட மூத்தவர். ஆனால் வெள்ளைச் சாயம் ஏறுவதென்னவோ இவர் தலையில்தான்.

அன்று மகள் வீட்டைவிட்டுப் போகும் காட்சி. ஹீரோவுக்குப் பக்கம் பக்கமாக வசனம். மாமனாருக்கு ஒரு வார்த்தை இல்லை. சும்மா நின்றார். எடுத்து முடித்ததும் லைட்காரர் மூக்கை உறிஞ்சினார். மானிட்டரைப் பார்த்த ஹீரோ, டைரக்டரின் காதைக் கடித்தார்.

டைரக்டர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "அண்ணே, கேமராவுக்கு முதுகு காட்டி நின்னுடுங்க. ஃபிரேமுக்கு நல்லா இருக்கும்."

"ஃபிரேமுக்கா, அவருக்கா?"

டைரக்டர் அசடு வழிந்தார். மாமனாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சரி தம்பி. மூஞ்சி வேணாம்னா விடு, முதுகு இருக்குல்ல?"

மறுபடி எடுத்தார்கள். ஹீரோ வசனத்தைக் கொட்டித் தீர்த்தார். மகள் வாசலைத் தாண்டியபோது மாமனாரின் ஒரு தோள் மட்டும் லேசாக இறங்கியது. கண்ணைத் துடைக்கப் போன கை, பாதி வழியில் மனசு மாறிப் பிடரியைச் சொறிந்தது. அவ்வளவுதான். டைரக்டர் 'கட்' சொல்லவே மறந்துபோனார்.

மானிட்டர் முன்னால் ஹீரோவின் முகத்தில் ஈயாடவில்லை. மீண்டும் காதுகடி. மீண்டும் டைரக்டர் ஓடிவந்தார்.

"அண்ணே, பழையபடி இந்தப் பக்கமே திரும்பிடுங்களேன்."

மாமனார் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"எனக்கு இதுவே வசதியா இருக்கு தம்பி. வேணும்னா அவரைத் திரும்பி நிக்கச் சொல்லு."