உச்சியில் தடுமாறிய நெஞ்சு

கட்டட வேலை நடக்கும் இடத்தில் எல்லோரும் அவளை 'மாடிவீட்டம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது மாடி உயரக் கிரேனின் உச்சியில், கண்ணாடிப் பெட்டி போன்ற ஓர் அறையில் உட்கார்ந்து, நாள் முழுக்க இரும்பைத் தூக்கி வைப்பது அவள் வேலை. பதினோரு வருடம் ஓடிவிட்டது. மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் வேறு உலகம். பறக்கும் பறவைகளின் முதுகு தெரியும். காற்று வீசும்போது அறை மெல்ல ஆடும். தொட்டிலில் கிடப்பதுபோல் கண் சொக்கும்.

ஒரே தொல்லை, ஏணி. இறங்கி ஏற முக்கால் மணி நேரம் பிடிக்கும். ஒதுங்குவதற்குக் கீழேதான் வர வேண்டும் என்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டாள். மதியம் வரை ஒரு ஃபிளாஸ்க் காப்பிதான். அந்த வாரம் சளி வேறு. மூக்கடைப்புக்குக் கடையில் தானே கேட்டு வாங்கிய மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று காலை பதினோரு மணி இருக்கும். கொக்கியில் ஒரு கட்டு இரும்புக் கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. திடீரென்று நெஞ்சுக்குள் ஒரு மீன் துள்ளியது. பிறகு ஒரு கூட்டமே துள்ளியது. துடிப்பு ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. வானம் தண்ணீராகி, எதிரே இருந்த கட்டடங்கள் அதில் மிதப்பதுபோல் இருந்தது. பயம்கூட உடனே வரவில்லை. அட, எவ்வளவு அழகு என்றுதான் தோன்றியது. அப்புறம்தான் கம்பிக் கட்டு நினைவுக்கு வந்தது. அதன் அடியில் ஆட்கள் நடமாடினார்கள்.

வாக்கி டாக்கியை எடுத்தாள். கீழே சைகை காட்டும் பெரியவரை அண்ணன் என்றே அழைப்பாள்.

"அண்ணே, எல்லாரையும் விலகச் சொல்லுங்க. சுமையை இறக்கிடுறேன்."

"இப்பவா? ஏம்மா?"

"அப்புறம் சொல்றேன். விலகச் சொல்லுங்க."

அங்குலம் அங்குலமாக இறக்கினாள். கம்பி தரையைத் தொட்டதும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, "நெஞ்சு என்னமோ பண்ணுதுண்ணே" என்றாள்.

"தனியா ஏணியில கால வைக்காத! ஆள் வருது!" அவர் குரல் உடைந்திருந்தது.

இரண்டு பேர் ஏறி வந்து, இடுப்பில் கயிறு கட்டி, அவளைக் குழந்தைபோல் இறக்கினார்கள்.

மருத்துவமனையில் டாக்டரம்மா ஈசிஜி தாளைக் காட்டினார். கோடு தன் இஷ்டத்துக்குக் கிறுக்கியிருந்தது. தண்ணீர், காப்பி, தூக்கம் என்று ஒவ்வொன்றாகத் துருவினார். சளி மாத்திரை என்றதும் பேனாவை வைத்துவிட்டார்.

"அதுலயே சிலது இதயத்தை முடுக்கிவிடும். உடம்புல தண்ணி வத்தினாலும் துடிப்பு தாறுமாறாகும். ராத்திரி குறட்டை உண்டா?"

"எனக்கா? சேச்சே."

பஸ் மெக்கானிக்கான கணவர் பக்கத்தில் நின்றிருந்தார். "டாக்டர், நான் நாள் முழுக்க என்ஜின் சத்தத்துல நிக்கிறவன். எனக்கே தாங்கல. நடுநடுவுல மூச்சு நின்னு போகுது, அதான் பயமே" என்றார்.

அவள் முறைத்தாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதற்கும் சோதனை எழுதினார். இப்படித் துடிக்கும் இதயத்தில் ரத்தம் தேங்கி உறையலாம், அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம் என்றார். உறையாமலிருக்க ஒரு மாத்திரை, துடிப்பை அடக்க ஒன்று. "நல்லாயிட்டேன்னு நீங்களா நிறுத்தக் கூடாது. வலி மாத்திரையும் கேட்காம போடக் கூடாது. வாய் கோணினா, கை தளர்ந்தா, பேச்சு குழறினா ஒரு நிமிஷம் தாமதிக்காம வந்துடணும்."

கிரேன் வேலைக்கு இப்போதைக்குத் தடை. அதுதான் அவளை உடைத்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் அழுதாள். கணவர் கைக்குட்டையை நீட்டினார். அதில் கிரீஸ் வாடை அடித்தது.

தரையில் வேலை கிடைத்தது, அண்ணனோடு சேர்ந்து சைகை காட்ட. தூக்கத்தில் மூச்சு நிற்பது சோதனையில் உறுதியானதால், ராத்திரியில் மூச்சுக் கருவியின் முகமூடியோடு தூங்கினாள். கடலுக்கு அடியில் நடப்பதுபோல் கனவுகள் வந்தன. எழுந்தால் உடம்பு பஞ்சாக இருந்தது. காய் நறுக்கும்போது விரலில் பட்ட சின்ன வெட்டில் வெகுநேரம் ரத்தம் கசிந்ததும், உறையாமலிருக்கத் தந்த மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று நினைத்தாள். நிறுத்தவில்லை. விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டே டாக்டரம்மாவுக்குப் போன் செய்து கேட்டாள்.

நான்காவது மாதம், ஒரு பிற்பகலில், நெஞ்சு மறுபடி துள்ளியது. தலை சுற்றவில்லை, வலி இல்லை. மரப்பலகை மேல் உட்கார்ந்து, தண்ணீரைச் சிறுகச் சிறுகக் குடித்தாள். கைபேசியில் நேரத்தைக் குறித்தாள். முந்தின இரவு உறவுக்காரர் வீட்டில் முகமூடி இல்லாமல் அரைத்தூக்கம் தூங்கியதையும் எழுதினாள். அண்ணன் பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஆம்புலன்ஸ் கூப்பிடவா?"

"பக்கத்துல உக்காருங்க. அடங்கலன்னா கூப்பிடலாம்."

அவர் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தார். சிமெண்டுத் தூசி வெயிலில் தங்கமாக மிதந்தது. எட்டு நிமிடத்தில் துடிப்பு தானாக வரிசைக்கு வந்தது. டாக்டரம்மாவுக்குச் செய்தி அனுப்பினாள். மறுநாள் காலை வரச் சொல்லிப் பதில் வந்தது.

"போயிடுச்சாம்மா?"

"போயிடுச்சு. உங்களுக்குத்தான் வேர்த்து ஊத்துது, இந்தாங்க" என்று பாட்டிலை அவர் கையில் கொடுத்தாள்.