தளபதிக்கு ஒரு முக்காலி

பர்மாவில், எங்கள் தின்கன்ஜூன் பேட்டையில், ஜாபர் தன் பிரியாணிக் கடையை ஜப்பான் சாப்பாட்டுக் கடையாக மாற்றினார். சமையல்காரர் அதே ஆள்தான், தொப்பி மட்டும் புதுசு. வாசல் காவல்காரனாக இருந்த எனக்குப் பதவி உயர்வு வந்தது. அப்பாசாமி இனிமேல் சாமுராய் தளபதி.

தகரக் கவசம், கொம்பு வைத்த தலைக்கவசம், மரக்கத்தி. எல்லாவற்றையும் பேசாமல் மாட்டிக்கொண்டேன். என் முக்காலியை ஜாபர் உள்ளே தூக்கிக்கொண்டு போனபோதுதான் வாயைத் திறந்தேன். என் இடது முழங்கால் பத்து மணி நேரம் நிற்கிற கால் இல்லை.

“தளபதி உட்காந்தா நல்லாவா இருக்கும், அண்ணே? வீரன்னா நிக்கணும். முடியலேன்னா சொல்லுங்க, வேற ஆளு பாத்துக்கிடுறேன்” என்றார் ஜாபர்.

அறுபத்தெட்டு வயதுக்காரனுக்கு வேறு வேலை எவன் வைத்திருக்கிறான்? நின்றேன்.

என் பின்னால் சுவரில் தளபதியின் வாழ்க்கையை எழுதிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். ஜாபரின் மகள் ஷப்னம் ஜப்பானுக்கு வேலைக்குப் போக அந்தப் பாஷை படிக்கிறவள். கவசத்தோடு வந்த தாளைப் பார்த்து அவள்தான் எழுதினாள். என் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. அவளையே வாசிக்கச் சொன்னேன்.

தளபதி பெயர் குரோகாவா. அப்பன் தளபதி, பாட்டன் தளபதி, அதனால் இவரும் தளபதி. நாட்டில் இருநூறு வருஷமாகச் சண்டையே கிடையாது. முப்பது வருஷம் கோட்டை வாசலைக் காத்தார். வருஷம் ஒருமுறை கவசத்தை வெயிலில் உலர்த்தினார். கடைசியில் பீரங்கியோடு ஒரு படை வந்தது. எசமான் கப்பலேறி ஓடிவிட்டார். இவர் கதவைத் திறந்து சாவியைக் கொடுத்தார். புது அரசாங்கம் கத்தி வைக்கக் கூடாது என்றது. முள்ளங்கி பயிரிட்டு எண்பத்தொரு வயது வரை இருந்தார்.

“இதுல வீரம் எங்கேம்மா வருது?” என்றேன்.

“நானும் அதைத்தான் தேடுறேன், ஊலே” என்றாள். மாமா என்பதை அவள் பர்மிய பாஷையில்தான் சொல்வாள்.

நாலாம் நாள் முழங்கால் தேங்காய் அளவு வீங்கியிருந்தது. அன்றுதான் முதல்முறையாக நிஜ ஜப்பான்காரர் ஒருவர் சாப்பிட வந்தார், வயசானவர். ஜாபர் இடுப்பு ஒடியக் குனிந்தார். வந்தவர் என்னையே வெகுநேரம் பார்த்துவிட்டு ஷப்னத்திடம் என்னவோ கேட்டார். ஜாபருக்கு முகம் வெளுத்தது. சமையல்காரர் பழைய ஆள் என்று தெரிந்துவிட்டதோ என்ற பயம்.

“தளபதி ஏன் நிக்கிறாருன்னு கேக்குறாங்க வாப்பா. போர்க்களத்துல தளபதி முக்காலியிலதான் இருப்பாராம். நிக்கிறது சேவகனாம்.”

என் தகப்பனார் சண்டைக் காலத்தில் ஜப்பான்காரனுக்குத் தண்டவாளம் போட்டுவிட்டு எலும்பாகத் திரும்பியவர். அவனை நம்பாதே என்று சொல்லிச் சொல்லியே செத்தார். நானும் எவனையும் நம்பாதவன்தான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் முழுசாக நம்பினேன்.

ஜாபரே உள்ளே போய் முக்காலியைக் கொண்டுவந்து போட்டார். உட்கார்ந்தேன். வந்தவர் போட்டோ எடுக்க வேண்டும் என்றார், பக்கத்தில் ஒரு சேவகனும் வேண்டுமாம். வேறு ஆள் இல்லை. ஜாபர் நின்றார்.

ஜாபர் எப்போது மனசு மாறுவாரோ, சொல்ல முடியாது. முக்காலியை வாசல் கம்பியோடு சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டேன். சாவி கவசத்துக்குள் இருக்கிறது. பீரங்கியே வந்தாலும் நான் குரோகாவா இல்லை.