சிவப்பு நூல் கட்டிய சட்டைகள்

ஏஜென்ட் என்றால் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான். சேமிப்புத் திட்டங்களை விற்பது அவர் தொழில். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிறர் வீட்டு நாற்காலி நுனிகளில் உட்கார்ந்து, முழங்கால்மேல் தோல்பையை வைத்துக்கொண்டு, "நாளைன்னு ஒண்ணு இருக்குல்ல சார்?" என்று கேட்டே குடும்பம் நடத்தியவர். எதிரே இருப்பவர் தயங்கினால் அணில் கதையை எடுத்துவிடுவார்.

அணில் கதை அவருடைய சொந்தச் சரக்கு. ஒரு காட்டில் இரண்டு அணில்கள். ஒன்று கிடைத்ததையெல்லாம் அன்றன்றே கொறித்துத் தீர்த்தது. மற்றது பத்துக் கொட்டைக்கு ஒரு கொட்டை என்று பொந்தில் ஒளித்துவைத்தது. அடைமழை பிடித்து ஒன்பது நாள் விடாமல் பெய்தபோது, முதல் அணில் இரண்டாம் அணிலின் பொந்து வாசலில் வாலைச் சுருட்டிக்கொண்டு நின்றது. அந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டுப் பேனாவை நீட்டுவார். பலர் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

அந்த வியாழக்கிழமை காலையில், அதே ஏஜென்ட், சமையலறைக்குப் பின்னால் இருக்கும் இரும்புப் படிக்கட்டில் ஓசைப்படாமல் இறங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு வால் ஒன்றுதான் இல்லை.

மகளுக்குக் கண் பரிசோதகர் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் முதல் தவணையைக் கட்டியாக வேண்டும். தவறினால் பட்டியலில் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிடுவார்கள். "அப்பா, பணம்தான் தனியா இருக்கே, இன்னிக்கே கட்டிடலாமா?" என்று மகள் கேட்டபோது, "நாளைக்குக் கட்டிடலாம்மா" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். பத்து ஆண்டுகளாக வீட்டில் சொல்லி வந்த அந்தத் 'தனிப் பணம்' எங்கும் இல்லை. அலுவலகத்தில் வாங்கக்கூடிய கடனையும் போன ஆண்டே வாங்கித் தீர்த்தாயிற்று.

அவர் குடிகாரர் அல்லர், சூதாடியும் அல்லர். வீண்செலவு என்று ஒன்றைச் சுட்டிக் காட்டச் சொன்னால் அவராலேயே முடியாது. அவர் குடியிருந்த தெருதான் செலவு செய்தது.

அந்த அடுக்குமாடிக் கட்டடத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. முன்வாசல் மரங்கள் நிழல்பரப்பும் அகன்ற சாலையில் திறக்கும். பின்பக்கத்து இரும்புப் படி சந்தைத் தெருவில் போய் இறங்கும். 'நல்ல விலாசம் இருந்தால்தான் நாலு பேர் நம்பிப் பணம் கொடுப்பார்கள்' என்று ஆறு ஆண்டுகளுக்கு முன்பு இங்கே குடிவந்தார். வந்த பிறகு விலாசம் தன் கூலியைக் கேட்கத் தொடங்கியது. முன்தெருக் கடையில் காய்களைக் கழுவித் துடைத்து வரிசையாக அடுக்கியிருப்பார்கள், விலையும் பளபளவென்றிருக்கும். கார் இல்லாத அவருக்கும் கார் நிறுத்துமிடத்துக்கு மாதக் கட்டணம் உண்டு. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் பிறந்தநாளுக்குப் பொம்மை வாங்கினால், பெட்டியில் கடையின் பெயரைத்தான் முதலில் பார்ப்பார்கள். குழாய் பழுதுபார்க்க வந்தவர்கூட முதலில் தெருவைப் பார்த்தார், பிறகுதான் குழாயைப் பார்த்தார்.

பின்படியில் இறங்கினால் எல்லாம் பாதி விலை. ஆனால் அது குப்பைக் கூடையும் வேலையாட்களும் போகிற வழி. ஏஜென்ட் வீட்டார் அதில் இறங்குவதில்லை.

இறங்காததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. சந்தைத் தெருவில் அவருடைய அக்கா இருந்தார்.

தாய் இறந்த பிறகு அவரைப் பள்ளிக்குத் தலைவாரி அனுப்பியவர் அந்த அக்காதான். கணவர் காலமான பின் சந்தைத் தெருச் சலவைக்கூடத்தில் துணி தேய்க்கும் வேலைக்குச் சேர்ந்து, ஒன்றரை அறையில் தனியாகக் குடியிருந்தார். தம்பி இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள், தாமே தைத்த தலையணை உறைகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு முன்வாசல் வழியாக ஏறி வந்தார். மாடிப்படியில் எதிர்ப்பட்ட பல் டாக்டரம்மா, குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர், மூட்டையைப் பார்த்துவிட்டு ஏஜென்டிடம் கேட்டார்: "உங்க சலவைக்காரம்மாவா? எங்க வீட்டுக்கும் வரச் சொல்லுங்களேன்."

"சொல்றேன் மேடம்" என்றார் ஏஜென்ட்.

அக்கா இரண்டு படி கீழே நின்றுகொண்டிருந்தார். உறைகளை வைத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போனவர்தான். ஆறு ஆண்டுகளாக அந்தப் படியை மிதிக்கவில்லை. ஏஜென்டும் ஆண்டுக்கு இரண்டொரு முறை அவருடைய அறைக்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்ததோடு சரி. அன்று சொன்ன அந்த இரண்டு சொற்களும் நெஞ்சில் முள்ளாகவே தங்கிவிட்டன.

சலவைக்கூடத்துக்குள் வெந்நீர் ஆவியும் கஞ்சி வாடையும் முகத்தில் அடித்தன. நீண்ட மேசைகளின் முன்னே பெண்கள் நின்றபடி தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"அடடே, வாடா! உங்க வீட்டுல பின்வாசல்கூட திறக்குமா?"

பக்கத்து மேசைக்காரி ஏஜென்டின் சட்டையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாருக்கா இது, சிவப்பு நூலா?" என்று கேட்டாள்.

"என் தம்பி" என்றார் அக்கா. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

ஏஜென்டுக்குக் காது சுட்டது. "சும்மாதான் வந்தேன்க்கா" என்றார்.

"சும்மா வர்றவன் சட்டையைத் திருகிக்கிட்டு நிக்க மாட்டான். விஷயத்தைச் சொல்லு."

"பாப்பாவுக்கு இடம் கிடைச்சிருக்கு."

"கண்ணு படிப்புக்கா? அடி என் தங்கமே!" அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "முதல்ல அவங்கப்பனைப் பரிசோதிக்கச் சொல்லு. பின்தெருவுல இருக்கற அக்கா கண்ணுக்கே தெரிய மாட்டேங்கறா."

பக்கத்து மேசை சிரித்தது. ஏஜென்டும் சிரிக்க முயன்றார், வரவில்லை.

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள கட்டணும்க்கா."

"கட்டு. அதுக்குன்னுதானே தனியா எடுத்து வெச்சிருக்கே?"

"இல்லக்கா."

"எது இல்ல?"

"எதுவுமே இல்ல."

அக்காவின் முகத்திலிருந்து விளையாட்டு வடிந்தது. திட்டினால் நன்றாயிருக்கும் என்று ஏஜென்டுக்குத் தோன்றியது. அவரோ அடுத்த சட்டையை எடுத்து மேசையில் விரித்தார். வான நீல நிறம், பையின் ஓரத்தில் ஒரு மைக்கறை, கழுத்துப் பட்டையின் உள்ளே ஒரு சிவப்பு நூல். ஏஜென்ட் அந்தக் கறையையே பார்த்தார். போன மாதம் தம்முடைய பேனா கசிந்து உண்டான கறை அது.

"இது என் சட்டையாச்சே! இதை முன்தெருச் சலவைக் கடையிலதானே போட்டேன்?"

"முன்தெருக் கடைக்குக் கண்ணாடிக் கதவு மட்டும்தான் இருக்கு. தொட்டி ஏது, பெட்டி ஏது? மூட்டை மூட்டையா இங்கதான் வரும். அங்கேருந்து வந்தா சிவப்பு நூல், இந்தத் தெருன்னா வெள்ளை நூல். தண்ணி ஒண்ணு, சோப்பு ஒண்ணு, தேய்க்கற கையும் ஒண்ணு. உங்ககிட்ட வாங்கற காசு மட்டும் மூணு மடங்கு."

"அப்போ ஆறு வருஷமா..."

"ஆறு வருஷமா நான்தான் தேய்க்கறேன். வேற யாருக்கும் கொடுக்க மாட்டேன்." அக்கா சட்டையின் மூன்றாவது பொத்தானை விரலால் தட்டினார். "இதையும் நான்தான் தைக்கறேன். சின்ன வயசுலேருந்தே பொய் சொல்லும்போது மூணாவது பட்டனைத் திருகுவே. இப்பவும் மாசம் ஒண்ணு பிச்சுக்கிட்டு வருது. தொழில் நல்லாத்தான் நடக்குது போலிருக்குன்னு நெனைச்சுக்குவேன்."

ஏஜென்டின் கை சட்டென்று மார்பிலிருந்து கீழே இறங்கியது.

எத்தனை முறை மனைவியிடம் அந்தப் பொத்தானைக் காட்டிப் பெருமையடித்திருக்கிறார்! "பாத்தியா, பட்டன் போனாக்கூட நாம கேக்காமலே தெச்சு அனுப்பறான். முன்தெருக் கடைன்னா சும்மாவா? குடுக்கற காசுக்குத் தகுந்த மாதிரி!" முன்தெருவின் மேன்மைக்கு அவர் காட்டி வந்த ஒரே சாட்சி, பின்தெருவில் நின்று கால் கடுக்கத் தேய்த்த அக்காவின் ஊசி. பூமி பிளந்து தம்மை விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது.

"என்கிட்ட இருக்குடா" என்றார் அக்கா, தாழ்ந்த குரலில். "வேற ஒண்ணுக்கு வெச்சிருந்தேன். அது கொஞ்சம் பொறுக்கும். சாயங்காலம் நாலு மணிக்குக் கொண்டாந்து தர்றேன்."

எதற்கு வைத்திருந்தீர்கள் என்று கேட்க அவருக்குத் துணிவில்லை. "நானே வந்து வாங்கிக்கறேன்க்கா."

"பாப்பா கையிலதான் கொடுப்பேன். உங்க பின்பக்க இரும்புப் படி என் முழங்காலுக்கு ஆகாது. முன்வாசல் வழியா வர்றேன். பரவாயில்லையா?"

அந்தப் 'பரவாயில்லையா' குத்தலாக இருந்திருந்தால் தாங்கியிருப்பார். அது உண்மையான கேள்வியாக இருந்தது.

நாலு மணிக்கு முன்பே ஏஜென்ட் கேட்டருகே போய் நின்றுகொண்டார். யாரும் பார்க்காதபடி அக்காவை விறுவிறென்று மாடிக்கு அழைத்துப் போய்விடலாம் என்று ஓர் எண்ணம். அந்த எண்ணம் தமக்குள்ளிருந்து வந்ததே என்று கூசினாலும் அதை விரட்ட முடியவில்லை. நின்றபோது அணில் கதை நினைவுக்கு வந்தது. இத்தனை வீடுகளில் சொல்லியும், அந்த அணில்கள் எந்தெந்த மரத்தில் குடியிருந்தன என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, கேட்டவரும் இல்லை. கொட்டையில் பாதியை மரத்துக்கே கூலியாகக் கொடுத்த அணில் ஒன்று காட்டில் இருந்திருக்கக்கூடும்.

அன்று பார்த்துப் பல் டாக்டரம்மா, உடைந்த பூந்தொட்டி ஒன்றைக் காட்டிக் காவலாளியைக் கடிந்துகொண்டிருந்தார். அக்கா துணிப்பையை மார்போடு அணைத்தபடி காலை ஊன்றி ஊன்றி வந்து சேர்ந்தார்.

"எந்த வீடும்மா? என்ன விஷயம்?" காவலாளி பதிவேட்டைத் திறந்தார்.

அக்கா டாக்டரம்மாவைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். தம்பி வாய் திறக்குமுன் அவரே சொல்லிவிட்டார்: "இவங்க வீட்டுக்குத்தான். துணி குடுக்க வந்தேன்."

காவலாளி 'வந்த காரணம்' என்ற கட்டத்தில் 'சலவை' என்று எழுதினார்.

"அட, அந்த சலவைக்காரம்மா!" என்றார் டாக்டரம்மா. "என்ன சார், சொல்றேன்னு சொன்னீங்க, எங்க வீட்டுப் பக்கம் வரவே இல்லையே!"

ஏஜென்டின் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி பரவியது. இந்த முறையும் தப்பித்துவிட்டோம் என்ற நிம்மதி. பின்னாளில் இந்தக் கதை முழுவதையும் நினைத்துப் பார்த்தபோது, ஆறு ஆண்டுகளுக்கு முன் சொன்ன சொல்லைவிட, அந்த ஒரு கண நிம்மதிதான் அவரை அதிகமாக வெட்கப்படுத்தியது.

"அது வந்து மேடம்..." என்று தொடங்கியபோது நூல் அறுந்தது. மூன்றாவது பொத்தான் கீழே விழுந்து, உருண்டு, அக்காவின் செருப்பருகே போய்ப் படுத்தது.

அக்கா சிரிக்கவில்லை. வலிக்கும் முழங்காலை மடக்கிக் குனிந்து, அதைப் பொறுக்கி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். எத்தனையோ பொத்தான்களோடு இதுவும் ஒன்று என்பதுபோல.

"மேடம்" என்றார் ஏஜென்ட். "சலவை வேலைதான் செய்யறாங்க. ஆனா எங்க அக்கா. கூடப் பொறந்தவங்க. அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்லலை."

டாக்டரம்மா "ஓ" என்றார். பிறகு உடைந்த பூந்தொட்டியைப் பார்த்தார். வேறெங்கும் பார்க்க இடமில்லாமல் ஏஜென்டும் அதையே பார்த்தார். அக்கா மட்டும் தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காவலாளிக்குத் தம் கவலை. "அப்ப இதுல என்ன சார் எழுதறது?"

"அடிச்சிட்டு, அக்கான்னு எழுதுங்க."

"காரணம் கேட்டிருக்கற கட்டம் சார் இது. அக்கான்னு எழுதலாமா?"

"எழுதுங்க. அதான் காரணம்."

"அடிச்சா வீட்டுக்காரர் கையெழுத்துப் போடணும்." காவலாளி பேனாவை நீட்டினார். ஆயிரம் பேரிடம் பேனாவை நீட்டியவர், அன்று அதை வாங்கிக் கையெழுத்திட்டார்.

மாடியில் மகள் "அத்தை!" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டாள். ஏஜென்ட் எல்லாவற்றையும் சொன்னார். தனிப் பணம் இல்லாததைச் சொன்னார், சிவப்பு நூலைச் சொன்னார், பொத்தானையும் சொன்னார். மனைவி அக்காவின் விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு, "அண்ணி, நீங்களா தெச்சீங்க?" என்று கேட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். மகள் பணம் இருந்த பையை மடியில் வைத்தபடி, "அப்போ ஆறு வருஷமா அத்தைகிட்டயா நாம அழுக்குத்துணி போட்டிருக்கோம்?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் பத்து மணிக்கே தவணையைக் கட்டினார்கள். இரண்டு மாதத்தில் ஏஜென்ட் குடும்பம் சந்தைத் தெருவுக்கு, அக்காவின் அறையிலிருந்து நாலு கதவு தள்ளி, தரைத்தளத்துக்குக் குடிபெயர்ந்தது. வாடகையில் மிஞ்சியது மாதாமாதம் அக்காவின் கைக்குத் திரும்பத் தொடங்கியது. விலாசம் மாறியதால் இரண்டு வாடிக்கையாளர்கள் விலகிப் போனார்கள், உண்மைதான். காய்கறி வாங்கப் போன இடத்தில் ஐந்து பேர் புதிதாகச் சேர்ந்தார்கள்.

ஏஜென்ட் தம் சட்டைகளைத் தாமே தூக்கிக்கொண்டு சலவைக்கூடத்துக்குப் போகிறார். தம்பி என்பதற்காக அக்கா விலையைக் குறைப்பதில்லை. வெள்ளை நூல் விலைதான். ஒருநாள் அவர் எண்ணி நீட்டிய சில்லறையை வாங்கிக்கொண்டு, அடுக்கிலிருந்த சட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு அக்கா கேட்டார்:

"என்னடா, மூணு மாசமா பட்டன் ஒண்ணும் போகலையே. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

ஏஜென்ட் தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்து மேசைக்காரி சிரித்தாள். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல், அவர் அவற்றை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.