பதினேழாம் இலக்கப் படகின் திருத்தச் செலவு

கல்முனைக் கடற்கரையிலுள்ள படகுத்தளமொன்றில் கணக்கெழுதும் றுஸ்தா, மூன்று ஆண்டுகளாக ஒரேயொரு பதிவைக் கண்போல் காத்து வந்தாள். பதினேழாம் இலக்கப் படகு, உத்தரவாதத் திருத்தச் செலவு, இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். அடிப்பாகத்தில் வெடிப்பிருப்பது தெரிந்தும், “இந்த ஓட்டம் முடியட்டும், கொண்டாறன்” என்று கடலுக்குப் போனவன் றாஸிக், அவளுடைய நானா, கூடப்பிறந்த அண்ணன். போனவன்தான்.

உத்தரவாதத்தோடு படகைக் கட்டிக்கொடுத்த கம்பனி, செலவு நேருமுன்பே அதை ஏட்டில் எழுதிவிட்டது. வரித் திணைக்களமோ படகு வந்து, திருத்தி, காசு கொடுத்த பிறகுதான் கழிக்க விடும். அன்றைக்கு மிச்சமாகும் எழுபத்தீராயிரம் ரூபாய் வரி, பிற்போட்ட வரிச் சொத்தாக நின்றது. படகு வரும் ஆண்டென்று ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடத்தை றுஸ்தா எழுதினாள்.

இம்முறை கணக்காய்வுக்கு வந்தவர் புதியவர், பாண்டிருப்பு அஜந்.

“தங்கச்சி, இந்தப் போட் எப்ப வரும்?”

“வரும் சேர்.”

“வரும் எண்டா? வரிக்காரன் நம்பிக்கைக்குக் கழிவு தரமாட்டான், பில்லுக்குத்தான் தருவான். போட் வரும் எண்டு முதலாளிட்ட ஒரு கடிதம் வாங்குங்க, காணும்.”

றுஸ்தாவுக்கு உயிர் வந்தது. முதலாளி ஜெமீல் ஹாஜியார் வெள்ளிதோறும் வீட்டுக்கு வந்து, “றாஸிக் வருவான், இன்ஷா அல்லாஹ்” என்று உம்மாவிடம் சொல்பவர். அந்தச் சொல்லை நம்பியே மதினி, றாஸிக்கின் மனைவி, கணவனை இழந்தவள் இருக்கும் இத்தாவை இன்னும் இருக்கவில்லை.

றுஸ்தா எழுதிக் கொண்டுபோன கடிதத்தை ஹாஜியார் இரண்டு தரம் வாசித்தார். பேனையை மூடினார்.

“இத நான் ஒப்பம் வெக்க ஏலா மகள்.”

“உம்மாட்டச் சொல்றீங்களே ஹாஜியார்?”

“வாயால சொல்றது வேற.” அவர் நிமிரவில்லை. “பொய்க்கு ஒப்பம் வெச்சா நாளைக்கி அல்லாஹ்க்கிட்ட என்ன சொல்ற?”

பொய். அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்த பிறகே அவருக்கும் உறைத்தது.

றுஸ்தா கணினிக்குத் திரும்பிப் பதிவை நீக்கினாள். செலவு இல்லாமற் போனதால் இலாபம் இரண்டு இலட்சத்து நாற்பதாயிரத்தால் கூடியது. வரிச் சொத்து எழுபத்தீராயிரமும் அழிந்தது. அஜந் எட்டிப் பார்த்தார். அந்தப் படகோடு போனவன் அவளுடைய நானா என்பது அவருக்குத் தெரியாது.

“பாத்தீங்களா, சுத்தமாயிட்டு. வரிக்காரங்க முதல்ல கழிச்சுத் தரல்ல, அதால இப்ப திருப்பிக் கேக்கவும் மாட்டாங்க. ஒருத்தருக்கும் நட்டமில்ல.”

“ஓம் சேர்” என்றாள் றுஸ்தா.