குருவி சாப்பிடும் நேரம்

சட்டைக் கம்பெனியில் மதியச் சாப்பாட்டு மணிக்கு இன்னும் நேரமிருந்தது. காலரைத் திருப்பி ஊசிக்கடியில் கொடுக்கும்போதே அவளுக்குப் பசியில் கை நடுங்கத் தொடங்கிவிட்டது.

"குருவி, போடி. போய்க் கொறிச்சுட்டு வா," என்றாள் பக்கத்து மெஷினிலிருந்த கண்ணாடி அக்கா.

பிறந்த மாதமே, குடித்த பாலையெல்லாம் பீய்ச்சி வாந்தியெடுத்த குருவிக்கு இரைப்பையின் வாயில் அறுவை செய்தார்கள். உயிர் தங்கியது, தழும்பும் கூடவே வளர்ந்தது. ஆனால் மதிய இடைவேளைக்குள் அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டால் சாப்பாடு வயிற்றில் நிற்காது. வியர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், கழிவறைக்கு ஓட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி சாப்பிடச் சொன்னார் டாக்டர். துணியில் கறை படும் என்று மெஷினருகே தின்னத் தடை. அதனால் அவள் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் ஒதுங்குவாள். அவள் பங்குக் காலர்களை அதே தையல் வரிசையின் பெண்கள் பிரித்துத் தைத்துவிடுவார்கள்.

"முட்டை உனக்கு, முதுகுவலி எங்களுக்கா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்க, வரிசையே சிரித்தது.

துணிக்கட்டுகளுக்குப் பின்னால் அவித்த முட்டையைப் பிட்டுப் பிட்டு மென்றபடி குருவி எட்டிப் பார்த்தாள். சூப்பர்வைசரும் ஆபீஸ்காரர் ஒருவரும் அவளுடைய மெஷினருகே நின்றார்கள். வாயிலிருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"எங்க போயிருந்த?" என்றான் சூப்பர்வைசர்.

கண்ணாடி அக்கா முந்திக்கொண்டாள். "வயித்துக்கு முடியல சார், பாவம். வேலை ஒண்ணும் கெடல. பாருங்க, ஒரு காலர்கூடத் தேங்கல. அவ எந்திரிச்சுப் போனாலும் நாங்க சமாளிச்சுருவோம்."

"எப்பவுமேவா?" என்றார் ஆபீஸ்காரர்.

"எப்பவுமே சார்!"

அவர் தைத்த காலர்களைப் புரட்டிப் பார்த்தார். "நல்ல வரிசை," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாப்பாட்டு நேரம் முடிந்து திரும்பியபோது இரண்டு பேர் அவளுடைய மெஷினின் வயரைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இந்த வரிசைக்கு இனி இது வேண்டாமாம். நீ ஆபீஸ்ல கணக்கை முடிச்சுக்க," என்றான் சூப்பர்வைசர். "வரிசை மொத்தத்துக்கும் டார்கெட் அதேதான்."

"சார், நான் அந்த அர்த்தத்துல சொல்லல..." என்றாள் கண்ணாடி அக்கா.

"நாற்காலிய நெருக்கிப் போடுங்க. நடுவுல காலியா இருக்கக் கூடாது."

யாரும் குருவியின் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு கையால் ஓடும் துணியைப் பிடித்தபடி, மறு கையால் நாற்காலியை இழுத்து இழுத்து நெருங்கி உட்கார்ந்தார்கள்.