அரைப் போத்தல் பெற்றோல்

அப்பாவின் செத்தவீட்டுக் கிரியைக்கு உரலில் சுண்ணம் இடித்துக்கொண்டிருந்த ஆரணி, கேற்றுக்கு வெளியே ஓட்டோக்கார நபீஸ் நிற்பதைக் கண்டதும் உலக்கையை நாகேஸ்வரி மாமியிடம் கொடுத்துவிட்டு எழும்பிப் போனாள்.

“உள்ள வாங்கோ அண்ணை.”

“எந்த மொகத்தோட வாறது டீச்சர்? செவ்வாக்கிழம ஓட்டோ ஸ்டேண்ட்ல எல்லாருக்கும் முன்னால ஒங்கட அப்பாவப் பொய்க்காரன்னு ஏசிட்டேன். அவர் நாலாவது தரமா என்ட ஓட்டோவில அந்தப் போத்தலக் கழட்டிப் பூட்டிட்டுப் போனார். இப்ப மௌத்தாப் போயிட்டார். நான் யார்கிட்ட மாப்புக் கேக்க?”

வெள்ளவத்தையில் பெற்றோல் வரிசை கடற்கரை வீதிவரை நீண்ட நாட்களில், அப்பா சிவபாதசுந்தரம் ஒரு போத்தலில் தண்ணீரும் கோஸ்டிக் சோடாவும் விட்டு, உள்ளே எவர்சில்வர் தகடுகளைத் தொங்கவிட்டுக் கார் பற்றறியில் தொடுத்தார். தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் வரும், அது எஞ்சினுக்குப் போகும், பாதிப் பெற்றோல் போதும் என்றார்.

ஆரணி விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். அந்தப் பற்றறியை நிரப்புவதும் அதே எஞ்சின்தான், இதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை என்று முதல் நாளே அவளுக்குத் தெரியும். ஆனால் ஓய்வுபெற்று மூன்று வருடம் கதிரையைத் தேய்த்த மனிதர் காரின் பொனற்றைத் திறந்துவைத்துச் சிரித்துக்கொண்டு நின்றார். சொல்ல மனம் வரவில்லை. தன் ஸ்கூட்டிக்குக் கிடைத்த கோட்டாவில் அரைப் போத்தல் எடுத்து, அவர் குளிக்கிற நேரம் பார்த்துக் காரில் ஊற்றினாள். அடுத்த நாளும் ஊற்றினாள். கார் ஓடு ஓடென்று ஓடியது. அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அந்தத் துணிவில் அப்பா நபீஸின் ஓட்டோவுக்கும் ஒன்று பூட்டிக் கொடுத்தார். அதற்கு யார் ஊற்றுவது?

“அவர்ட கார் மட்டும் எப்பிடி ஓடிச்சு டீச்சர்? ஒங்களுக்காவது தெரியுமா?”

“தெரியாது அண்ணை.”

சொல்லும்போது நா கூசவில்லை. திரும்பி நடக்கும்போதுதான் உடம்பெல்லாம் கூசியது.

“பிள்ளை, வாய்க்கரிசி போட வா. எடுக்க நேரமாச்சுது,” என்று மாமி கூப்பிட்டாள்.

அப்பாவின் விரல் நுனிகளில் சோடா பட்டுத் தோல் உரிந்திருந்தது. நபீஸ் ஏசிய நாளிலிருந்து அந்தத் தகடுகளைத்தான் கழுவிக்கொண்டிருந்தார். “பிழை என்ர கையிலதான் பிள்ளை. நபீஸ் நல்ல மனிசன், சும்மா ஏசமாட்டான்,” என்றார். அவள் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நெஞ்சுவலி வந்தபோதும் அவர் கையில் ஒரு தகடு இருந்தது.

அரிசியை அள்ளினாள். கை அவர் வாய்வரை போக மறுத்தது. வெட்கம் தாங்க முடியவில்லை. கேற்றுப் பக்கம் திரும்பினாள்.

“நபீஸ் அண்ணை! காருக்குப் பெற்றோல் ஊத்தினது நான். ஒவ்வொரு நாளும் நான்தான் ஊத்தினனான். அப்பாவுக்குத் தெரியாது.”

தேவாரம் பாடியவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

“பாவம், பிள்ளைக்குத் துக்கத்தில என்ன கதைக்கிறனெண்டு தெரியேல்லை,” என்று மாமி அவள் தோளைப் பிடித்தாள்.

நபீஸ் செருப்பைக் கழற்றினார். பெண்களை விலத்திக்கொண்டு வந்து அப்பாவின் தலைமாட்டில் நின்றார். ஆரணியை அவர் பார்க்கவில்லை. அவள் அரிசிக் கையோடு, அவருக்கு இடம் விட்டுத் தள்ளி நின்றாள்.